போணிக்கு வந்தவள்

போடி கடைத்தெருவில் எங்கள் அரிசிக் கடை இருந்த நாளில், அந்தத் தெருவிலேயே பெரிய மனுஷர் யார் என்று கேட்டால் எல்லோரும் ஒருவரைத்தான் காட்டுவார்கள். சலவை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. அவருக்குக் கடை கிடையாது, தோட்டம் துரவு கிடையாது. யார் நெல் பதுக்கியிருக்கிறான், யார் ரேஷன் கார்டு இல்லாதவனுக்கு அரிசி விற்கிறான், யார் வீட்டு மூட்டை மலையேறி மலையாளத்துப் பக்கம் போகிறது என்று சர்க்காருக்குத் துப்புக் கொடுப்பதுதான் தொழில். கேஸ் சர்க்கார் பேரில் நடக்கும். ஆளை மாட்டிவிடுவது, சாட்சி பிடிப்பது, சாட்சியைக் கோர்ட்டு வரைக்கும் இழுத்துக்கொண்டு வருவது எல்லாம் இவர். அபராதத்தில் ஒரு பங்கு இவருக்கு வரும். முதுகுக்குப் பின்னால் 'சர்க்கார் மச்சான்' என்போம். முகத்துக்கு நேரே, "வாங்க, காப்பி சாப்பிடுறீகளா?" என்போம். அவ்வளவு சூரத்தனம் எங்கள் தெருவுக்கு.

அது இரண்டாவது உலகச் சண்டைக் காலம். ரயில் தண்டவாளத்தைக்கூட சண்டைக்கென்று பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். எனக்குப் பதினான்கு வயசு. பெரிய மனுஷி ஆனதும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். கடைக்குப் பின்கட்டில்தான் வீடு. கதவிடுக்கில் நின்றால் கடை முழுவதும் தெரியும். நான் பார்த்த உலகம் அதுதான்.

அப்பா லைசென்ஸ் வாங்கி நடத்திய கடை. கார்டு காட்டினால்தான் அரிசி. ஒரு தடவை மாட்டினால் லைசென்ஸ் போகும், லைசென்ஸ் போனால் அத்தனை பேர் சோறும் போகும். கார்டு இல்லாமல் வந்த சொந்த அக்காளையே திருப்பி அனுப்பியவர் அப்பா. ஆனால் கடைக்காரர்களுக்கென்று ஒரு கிறுக்கு உண்டு. காலையில் முதல் வியாபாரம் போணி. போணிக்கு வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. அதே நேரம் சும்மாவும் கொடுக்கக் கூடாது, காசு வாங்கியாக வேண்டும். மச்சான் எத்தனையோ நாள் எங்கள் கடையில் காப்பி குடித்திருக்கிறார். அவருக்கு இது தெரியாதா?

ஒரு நாள் காலையில் அப்பா கடையைத் திறந்து சாம்பிராணி போட்டுவிட்டு உட்கார்ந்ததும் ஒருத்தி வந்து நின்றாள். மலையில் ஏலத்தோட்டத்துக்குப் போய்க் காய்ச்சலில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு இறங்கி வந்தவள். இடுப்பில் ஒரு பிள்ளை. அது அழக்கூட இல்லை, வாயைத் திறந்து திறந்து மூடியது. அழுததெல்லாம் அவள்தான்.

"கார்டு இல்லங்கய்யா. காசு வச்சிருக்கேன். பிள்ளைக்குக் கஞ்சித்தண்ணி காச்சி ரெண்டு நாளாச்சு."

"கார்டு இல்லாம ஆகாது ஆத்தா. போ."

"போணிக்கு வந்தவள வெறுங்கையோட விரட்டாதீகய்யா."

அப்பா தெருவை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் அரைப்படி அளந்து அவள் மடியில் போட்டார். காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பெட்டியில் போட்டார்.

எதிர்த்த ஜவுளிக்கடையிலிருந்து சப்ளை ஆபீஸ்காரர்கள் இறங்கி வந்தார்கள். பின்னாலேயே மச்சான். அவள் மடியிலிருந்த அரிசியை அப்படியே ஒரு பையில் கொட்டி அரக்கு வைத்தார்கள்.

"அரிசி எனக்குன்னு சொன்னீகளே!" என்று மச்சானிடம் கேட்டாள் அவள்.

"கேஸ் முடியட்டும்."

அப்பாவுக்கு அப்போதுதான் விளங்கியது. "நான் உமக்கு என்னய்யா கெடுதல் செஞ்சேன்?" என்று கேட்டார்.

"ஒண்ணுமே செய்யல அண்ணாச்சி. உங்க மேல எனக்கு வருத்தமே கெடையாது" என்றார் மச்சான், சிரித்த முகமாக. அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஜாமீனில் வந்த அப்பாவுக்கு வக்கீல் ஒரே ஒரு வழி சொன்னார். அரிசியை விற்கவில்லை, தர்மமாகக் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும். காசை அவளே பலகையில் வைத்துவிட்டுப் போனாள் என்று சொல்ல வேண்டும். ஆக, கடை நிற்பதும் போவதும் அவள் வாயில் இருந்தது.

விசாரணைக்கு முன்னால் ஒரு மத்தியானம் அவளே எங்கள் பின்வாசலுக்கு வந்தாள். மச்சான் சொன்ன அரிசியைத் தரவில்லை. நீங்களாவது தாருங்கள் என்று நின்றாள். அம்மா அப்போதுதான் சோறு வடித்திருந்தாள். வடித்த கஞ்சியைச் சட்டியோடு எடுத்து வந்து, அவள் பார்க்கப் பார்க்க மாட்டுத் தொட்டியில் ஊற்றினாள்.

"வயிறு எரியுதா? எனக்கும் அப்படித்தான்டி எரியுது."

அவள் திரும்பிப் போனாள். அம்மாவுக்கு அன்று முழுவதும் முகம் தெளிவாக இருந்தது.

கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் பெரியகுளம் கோர்ட்டுக்குப் போனோம். அவள் கூண்டில் ஏறினாள். இடுப்பில் பிள்ளை இல்லை.

எங்கள் வக்கீல் நயமாகத்தான் ஆரம்பித்தார். "பிள்ளைய வச்சுக்கிட்டு அழுத. பரிதாபப்பட்டுத்தானே குடுத்தாரு?"

"ஆமாங்கய்யா. பரிதாபப்பட்டுத்தான் குடுத்தாக."

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"காச நீயாத்தான பலகையில வச்ச?"

"இல்லங்கய்யா. அவுகதான் கையில வாங்குனாக. வாங்கி ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கிட்டாக."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். தர்மம் செய்கிறவன் காசைக் கண்ணில் ஒற்ற மாட்டான் என்பது மாஜிஸ்திரேட்டுக்கும் தெரியும். அப்பாவுக்கு ஜெயில், அபராதம், லைசென்ஸ் ரத்து. அவள் பழி வாங்கினாள் என்று அம்மா சாகும்வரை சொன்னாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்டதற்கு நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

வெளியே வேப்பமரத்தடியில் மச்சானிடம் அவள் தன் அரைப்படியைக் கேட்டாள்.

"அது சர்க்கார் அரிசி. வண்டு விழுந்து கெடக்கு. இனி உனக்கெதுக்கு? பிள்ளைதான் போயிருச்சே" என்றார் அவர்.

அப்பா உள்ளே இருந்தபோது என் தம்பி பிறந்தான். பாத்திரம் பண்டம் ஒவ்வொன்றாக விலைக்குப் போனது. அப்பா திரும்பி வந்து கொஞ்ச நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் ஒரு சலவை வேட்டியைக் கட்டிக்கொண்டு சப்ளை ஆபீசுக்குப் போனார். அந்தத் தொழிலுக்கு லைசென்ஸ் வேண்டாம்.

முதல் கேஸுக்குச் சின்னமனூர் அரிசிக் கடைக்காரர் ஒருவரைக் குறி வைத்திருந்தார். ஏன் அவரை என்று அம்மா கேட்டாள். "இளகின மனசுக்காரன்னு பேரு" என்றார் அப்பா. சாட்சிக்கு அன்று போணிக்கு வந்த அவளையே தேடிப்பிடித்துக் கூட்டிவந்து பின்வாசலில் நிறுத்தினார். "நல்லா அழுவா" என்று அம்மாவிடம் சொன்னார். அரைப்படி அரிசியை முதலிலேயே அளந்து கொடுத்தார். அந்த விஷயத்தில் அப்பா மச்சானைவிட யோக்கியர்.

அரிசியை முடிந்துகொண்டு அவள், "இடுப்புல வைக்கப் பிள்ளைக்கு எங்கய்யா போவேன்?" என்றாள்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தொட்டிலில் கிடந்த தம்பியைப் பார்த்தாள்.

மறுநாள் விடியற்காலையில் அவள் வந்தபோது தம்பி விழித்துக்கொண்டு பாலுக்கு முகத்தைத் தேய்த்தான். அம்மா மாராப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அவனை அப்படியே தூக்கி அவள் இடுப்பில் வைத்தாள்.

"பசியாத்தத்தான் நெனச்சேன்" என்றாள் அவளிடம். "ஆனா இவன் அங்கன போயி அழணும்ல."