குச்சியில் கோத்த இலை

தென்காசியில் துல்கர்னைனைப் பற்றி ஒருவரும் குறை சொன்னதில்லை. குறை சொல்கிற அளவுக்கு மனிதர் ஊரில் இருந்தால்தானே. மீசை அரும்பிய வயதில் துபாய்க்குப் போனவர். லீவு கிடைக்கிறபோது வருவார், பெட்டியைப் பிரிப்பார், பிரியாணி தின்பார், சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் ஒரு சுற்றுப் போய்விட்டுத் திரும்ப விமானம் ஏறிவிடுவார். அங்கே ஒரு பெரிய ஹோட்டலில் இத்தாலிச் சாப்பாடு செய்கிற பிரிவில் வேலை. பாத்திரம் கழுவப் போனவர்தான். பார்த்துப் பார்த்துக் கையைப் பழக்கி, பார்ட்டிகளில் விருந்தாளி உட்காருவதற்கு முன்னால் தட்டில் நீட்டுகிற சின்னத் தீனிகளுக்கெல்லாம் பொறுப்பாளி ஆகிவிட்டார்.

மெஹர் பானுவைக் கட்டியதும் ஒரு லீவில்தான். அவளோடு அவர் வாழ்ந்த வாழ்க்கையில் முக்கால்வாசி போனில் நடந்தது. மத்தியான வேலை முடிந்ததும் ஹோட்டல் சமையற்கட்டுக்குப் பின்னால், காலி சிலிண்டர்கள் அடுக்கியிருக்கிற இடத்தில் நின்று கூப்பிடுவார். இங்கே அப்போதுதான் பிற்பகல் தொழுகைக்கான அசர் பாங்கு சொல்லி முடிந்திருக்கும். மகள் பிறந்ததையும், மாடி எடுத்ததையும், மாமியார் மௌத்தாகி அடக்கம் ஆனதையும் அந்தச் சிலிண்டர்களுக்குப் பக்கத்தில் நின்றுதான் கேட்டுக்கொண்டார்.

போன கோடையில் பானுவின் தம்பி முகம்மது ஆசிக் கூப்பிட்டான். அக்காவை அவன் லாத்தா என்பான். லாத்தாவுக்கு நெஞ்சு வலி என்றான். அடுத்த போனில் முடிந்துவிட்டது என்றான். துல்கர்னைன் திருவனந்தபுரத்தில் இறங்கி, கார் பிடித்து, மலை இறங்கிச் செங்கோட்டை தாண்டி வருவதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. மய்யித்தை அவ்வளவு நேரம் வைத்திருக்க முடியாது, அதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. வாசலில் இறங்கியவரை நேராகக் கபர்ஸ்தானுக்குக் கூட்டிப்போனார்கள். தண்ணீர் தெளித்த மண்மேடு. அதன் மேல் தலை தொங்கிப்போன ஏதோ ஒரு செடி. துஆ ஓதினார், கையை முகத்தில் தடவிக்கொண்டார், வந்துவிட்டார்.

அழவில்லை. வீம்பு ஒன்றுமில்லை, வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்போமே, அப்படித் தன்னைக் கிள்ளிப் பார்த்தார். யாருடைய கன்னமோ போல இருந்தது.

கொடுமை என்னவென்றால், அவருக்கு எதுவுமே மாறவில்லை. அவர் ஒரு இடத்தில், பானு இன்னொரு இடத்தில். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தானே? முன்பு அவர் அங்கே, அவள் ஊரில். இப்போது அவர் ஊரில், அவள் எங்கேயோ. அசர் பாங்கு சொன்னதும் கால் தானாக வெளியே நடக்கும். தெருமுனையில் நின்று அவள் நம்பரைப் போடுவார். மணி அடிக்கும். எடுக்கமாட்டாள். அடுப்பில் கைவேலையாக இருப்பாள் என்று டீ குடிக்கப் போய்விடுவார். செத்தவள் போன் எப்படி அடிக்கிறது, யார் அதற்குச் சார்ஜ் போடுகிறார்கள் என்று ஒரு மனுஷனுக்குத் தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை.

சார்ஜ் போட்டது அவர் மகள் மிஸ்ரியா. காலேஜ் விட்டு வந்தால், உம்மாவின் அலமாரிக்குள் துணிகளுக்கு நடுவில் அந்தப் போன் அடிப்பதைத் தினமும் கேட்பாள். எடுத்துப் பேச அவளுக்குத் தைரியமில்லை. அணைத்துப் போடவும் மனசு வரவில்லை. போன் செத்துக் கிடப்பது வாப்பாவுக்குத் தெரிந்தால் அவர் என்ன ஆவாரோ என்று பயந்தாள்.

லீவு முடிகிற நேரம் வந்தது. வெள்ளிக்கிழமை விமானம்.

"போகாதிய வாப்பா," என்றாள் மிஸ்ரியா. "நான் இங்கன ஒத்தைல என்ன செய்ய?"

"மாமன் வீடு பக்கத்துலதான இருக்கு. போனா என்னம்மா? எப்பவும் போலத் தினமும் பேசப்போறேன்," என்றார் அவர்.

யாரிடம் பேசப் போகிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. இந்த மனுஷன் இப்படியே விமானம் ஏறிவிட்டால், சாகிற வரைக்கும் சிலிண்டர்களுக்குப் பக்கத்தில் நின்று உம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார், தான் வீட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று மட்டும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அந்த வாரம்தான் ஆசிக்குக்கு அந்த ஆர்டர் வந்தது. ஆசிக் கல்யாணங்களுக்குப் பிரியாணி வைக்கிறவன். பெரிய குரல், பெரிய கை, எதையும் யோசித்துச் செய்கிற வழக்கம் கிடையாது. வங்கியில் வேலை பார்க்கிற ஷெர்லின் என்ற பெண், தன் அப்பா பெஞ்சமினின் அறுபதாவது பிறந்தநாளைக் குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு ரிசார்ட்டில் வைத்திருந்தாள். பிரியாணி சரி, அதற்கு முன்னால் இது வேண்டும் பாய் என்று போனில் ஒரு படத்தைக் காட்டினாள். சின்னக் குச்சியில் ஒரு தக்காளி, ஒரு வெள்ளைப் பாலாடைக் கட்டி, நடுவில் பச்சையாக ஓர் இலை.

ஆசிக் படத்தைக் கொண்டுவந்து காட்டினான். "மச்சான், சும்மாதான இருக்கிய. துபாய்க்குப் போறதுக்கு முன்னால இத ஒரு கை பாத்துக் குடுங்க. தக்காளி, பன்னீரு, ஒரு இலை. குத்துனா முடிஞ்சிது, இதுல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல," என்றார் துல்கர்னைன்.

உண்மையிலேயே ஒன்றுமில்லைதான். அடுப்பு வேண்டாம், எண்ணெய்ச் சட்டி வேண்டாம். கை தெரிந்தால் போதும், மனசு கூட இருக்க வேண்டியதில்லை. இங்கே அந்தப் பாலாடைக் கட்டி கிடைக்காது என்பதால் பன்னீரைத் துணியில் கட்டிக் கனம் வைத்து இறுக்கினார். துண்டு போட்டு, ஆலிவ் எண்ணெயிலும் மிளகுத்தூளிலும் புரட்டி ஊறவைத்தார். சந்தையில் பொறுக்கின குட்டித் தக்காளிகளை இரண்டாக அரிந்து கவிழ்த்துத் தண்ணீரை வடித்தார். மேலே சொட்டுவிடுகிற கறுப்புச் சாற்றுக்கு வினிகரில் கருப்பட்டியைப் போட்டுச் சுண்டக் காய்ச்சினார். ஆசிக் விரலால் தொட்டு நக்கிவிட்டு, "துபாய்ல இதத்தான் இத்தாலின்னு சொல்லி ஏமாத்துதியளா?" என்றான். உப்பை மட்டும் தட்டு வெளியே போகிற நேரத்தில்தான் தூவ வேண்டும், முன்னாலேயே போட்டால் தக்காளி நீர் விட்டுப் பன்னீர் நசநசத்துப்போகும் என்று துல்கர்னைன் அவனுக்குச் சொன்னார்.

இலைதான் பாக்கி. ஆசிக் முதலில் ஒரு கட்டுத் துளசியோடு வந்து நின்றான். இதைக் குத்தினால் பெருமாள் கோயில் தீர்த்தம் மாதிரி இருக்கும், பேசில் என்கிற இத்தாலித் துளசிதான் வேண்டும் என்றார் துல்கர்னைன்.

"பேசிலா? லாத்தா வளத்துச்சே, அதான? அதுக்கு ஏன் இந்தப் பாடு, நான் கொண்டாரேன்," என்று ஆசிக் போய்விட்டான்.

பானு வளர்த்ததுதான். விதை அவர் அனுப்பியது. மொட்டைமாடியில் தொட்டி வைத்து, முளைத்ததை, இலை விட்டதை எல்லாம் போனில் சொல்லுவாள். அவர் ஒவ்வொரு தடவையும் ஒரே பாட்டைப் பாடுவார்: "பூவக் கிள்ளுட்டி. பூக்க விட்டா இலை கசந்துரும்."

"நல்லாத்தான பூத்துருக்கு. கிள்ள மனசு வரல. விதையாவது நோம்புச் சர்பத்துக்கு ஆவும்," என்பாள். "வேணும்னா நீங்க வந்து கிள்ளிக்கிடுங்க."

அடுத்த லீவில் அந்தக் குச்சித் தீனியை உனக்குச் செய்து தருகிறேன் என்பார் அவர். பச்சைத் தக்காளியையும் பச்சை இலையையும் குத்திக் கொடுத்தால் அதையும் தின்ன ஆள் இருக்கா என்று அவள் சிரிப்பாள். ஒரு லீவிலும் அவர் செய்யவில்லை. இந்தத் தடவை வந்தபோது மாடியில் தொட்டி வெறுமையாகக் கிடந்ததைப் பார்த்தார். செடி எங்கே என்று கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரிசார்ட்டின் சமையற்கட்டில் வேலை. வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. கூடத்தில் பெஞ்சமின் வீட்டுக்காரர்கள் பாட்டுப் போட்டிருந்தார்கள். மிஸ்ரியா தட்டுகளைத் துடைத்து அடுக்க வந்திருந்தாள். ஆசிக் ஈரத்துணியில் பொதிந்த ஒரு பெரிய கட்டை மேஜையில் வைத்துவிட்டுப் பிரியாணி அண்டாவுக்குப் போனான்.

துல்கர்னைன் கட்டைப் பிரித்தார். நல்ல இலைகள், உள்ளங்கை நிறைய நிறைய. கத்தி பட்டால் கறுத்துவிடும் என்பதால் விரலால் கிள்ளி, ஒருமுறை மடித்து, தக்காளிக்கும் பன்னீருக்கும் நடுவில் வைத்துக் குச்சியைச் செருகினார். அரைத்தக்காளி அடியில், தட்டில் நிற்பதற்கு. ஒரு தட்டு நிறைந்தது. இன்னொன்று நிறைந்தது. கை தன்பாட்டுக்கு ஓடியது. கட்டின் அடியில் இருந்த தண்டுகளை எடுத்தபோது ஒவ்வொரு நுனியிலும் வெள்ளையாகப் பூங்கதிர் நின்றது.

"பாரேன், இன்னும் பூவக் கிள்ளாமலேதான் விட்டுவச்சிருக்கா," என்றார், யாரிடமோ சலித்துக்கொள்கிற மாதிரி.

மிஸ்ரியா நிமிர்ந்து அந்தத் தண்டைப் பார்த்தாள். கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "மாமா," என்றாள், "இது எங்கன பறிச்சிய?"

"எங்கனயா? லாத்தா கபர் மேலதான்," என்றான் ஆசிக், அண்டாவிலிருந்து திரும்பாமலே. "நீதானட்டி தொட்டில இருந்தத வேரோட எடுத்து அங்கன வைக்கச் சொன்ன. சாரல்ல காடா மண்டிக் கிடக்கு. எப்படியும் வெட்டத்தான..." அதற்குள் திரும்பி மச்சானின் முகத்தைப் பார்த்துவிட்டான்.

துல்கர்னைனின் கையில் பாதி குத்திய குச்சி இருந்தது.

"அன்னைக்குத் தலை தொங்கிக் கிடந்துச்சே, அந்தச் செடியா?" என்று மகளைக் கேட்டார்.

"ஆமா வாப்பா."

"அது வேரு பிடிச்சிட்டா?"

"பிடிச்சிட்டு வாப்பா."

அவர் தண்டை முகர்ந்து பார்த்தார். "இவ்வளவு தழைச்சிருக்குன்னா வேரு கீழ போயிருக்கும்," என்றார். பிறகு, வழி கேட்கிற ஆள் மாதிரி, "அப்ப அவ அங்கனயா இருக்கா?" என்றார்.

"அங்கனதான் இருக்காங்க வாப்பா," என்றாள் மிஸ்ரியா.

அவர் தலையை ஆட்டினார். நிறைந்த தட்டுகளை ஒவ்வொன்றாகத் தன் பக்கம் இழுத்தார். ஒவ்வொரு குச்சியாக உருவி, இலையை எடுத்துவிட்டு, தக்காளியையும் பன்னீரையும் திரும்பக் கோத்தார். மிஸ்ரியாவும் கூட உட்கார்ந்து உருவினாள். ஆசிக் கிட்டே வந்து, "மச்சான், நான் நினைக்கல மச்சான், புத்தி கெட்டுப்போய்..." என்றான். அவர் எடுத்த இலைகளை அதே ஈரத்துணியில் அடுக்கிக்கொண்டே இருந்தார்.

ஷெர்லின் பட்டுச்சேலையில் எட்டிப் பார்த்தாள். "ரெடியா பாய்? எல்லாரும் வந்தாச்சு. ஆமா, படத்துல இலை இருந்துச்சே?"

"இலை கிடைக்கலம்மா," என்றார் துல்கர்னைன்.

அவள் ஒன்றை எடுத்துத் தின்று பார்த்தாள். நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். அவர் உப்புத் தூவி, கருப்பட்டிச் சாற்றைச் சொட்டுவிட்டு, விளிம்பைத் துடைத்து, தட்டுகளை வெளியே அனுப்பினார். கடைசித் தட்டு போனதும் எண்ணெய் டின் மேல் உட்கார்ந்தார். துணிப்பொதியை மடியில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். சத்தமாக, சின்னப்பிள்ளை மாதிரி, மூக்கைக்கூடத் துடைக்காமல் அழுதார். வெளியே பிறந்தநாள் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. மிஸ்ரியா அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஆசிக் அடுப்பைத் தணித்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றான்.

மறுநாள் சாயங்காலம் பொதியை எடுத்துக்கொண்டு கபர்ஸ்தானுக்குப் போனார். மிஸ்ரியா வாசல் கேட்டுக்கு வெளியே குடையோடு நின்றாள். அன்றைக்குப் பார்த்த மண்மேடு தெரியவேயில்லை, அவ்வளவு பச்சை. அவர் இலைகளைச் செடியின் அடியில் உதிர்த்தார். துஆ ஓதினார். எழுந்திருக்கும்போது பழக்கதோஷத்தில் விரல் ஒரு பூங்கதிரின் கழுத்துக்குப் போனது. கிள்ளாமல் விரலை எடுத்துக்கொண்டார்.

அவர் வெளியே வரும்போது பள்ளிவாசலில் அசர் பாங்கு சொன்னார்கள். மிஸ்ரியா அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். மழைத்தூறல் பட்ட போனைக் கைலியில் துடைத்தார், கொஞ்ச நேரம் பார்த்தார், திரும்பப் பைக்குள் போட்டார்.

"வெள்ளிக்கிழமை நான் போகலம்மா," என்றார்.

"சரி வாப்பா."

இரண்டு பேரும் ஒரே குடையில் தெருமுனை வரைக்கும் நடந்தார்கள். தினமும் நின்று கூப்பிடுகிற இடம் வந்தபோது அவர் நின்றார்.

"ஏட்டி," என்றார், "உம்மா போனுக்கு இனிமே சார்ஜ் போடாத."