ஃபேன் சத்தம் கேட்டுப் போன மதியம்

2012-ஆம் வருடம். ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில், பென்னலூரில் ஒரு மாடி போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். கணவருக்கு ஒரகடத்தில் கார் உதிரி பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. ஷிஃப்ட் மாறி மாறி வரும். பையனுக்கு அப்போதுதான் ஒரு வயது முடிந்திருந்தது. கரண்ட் கட் ஊரையே படுத்தி எடுத்த வருடம் அது என்றால் உங்களுக்கும் ஞாபகம் வரும்.

விஸ்காம் படித்துவிட்டு, திருமணத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு சின்ன எடிட்டிங் ஸ்டூடியோவில் உதவியாளராக இருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவதாகத்தான் பேச்சு. பிறகு வயிற்றில் குழந்தை, அதன்பின் இடுப்பில் குழந்தை. போகாதே என்று யாரும் சொல்லவில்லை. அதனால் யார் மீதும் கோபப்படவும் முடியவில்லை.

அந்த நாட்களில் எனக்குத் துணையாக இருந்தவை பாட்காஸ்ட்டுகள். ரேடியோ பேச்சு மாதிரிதான். இறக்கி வைத்துக்கொண்டு வேண்டும்போது கேட்கலாம். எங்கோ வெளிநாட்டில் இருக்கும் படத்தொகுப்பாளர்கள், ஒரு காட்சியை எங்கே வெட்டினோம், ஏன் வெட்டினோம் என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். டேட்டா கார்டில் ஒன்று இறங்குவதற்குள் குழந்தை இரண்டு முறை தூங்கி எழுந்துவிடும். பாத்திரம் துலக்கும்போது ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்வேன். இன்னொரு காது குழந்தைக்கு. அவர்களுடைய ஆங்கிலம் பாதிதான் புரியும். ஆனாலும் "டைம்லைன்" என்ற எடிட்டிங் சொல் காதில் விழுந்தாலே விரல்கள் தானாகக் கீபோர்டைத் தேடும்.

கீழ் வீட்டில் இருந்த வீட்டுக்காரம்மா ஒருநாள் கேட்டுவிட்டார். "இன்னாம்மா, எப்பப் பாத்தாலும் காதுல ஒயர மாட்டிகினு கீற. யாரு பேசறாங்க அதுல, உங்கம்மாவா?" வெளிநாட்டில் படம் எடிட் செய்பவர்கள் என்றேன். "அவங்க உனுக்கு இன்னா ஒறவு?" என்று சிரித்தார். அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். நான்தான் அன்று முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

எடிட்டர்கள் கேள்வி கேட்டுப் பதில் சொல்லிக்கொள்ளும் ஓர் இணையதளத்திலும் சேர்ந்திருந்தேன். அங்கேதான் அந்த அறிவிப்பைப் பார்த்தேன். சென்னையில் ஆவணப்படம் எடுக்கும் ஒரு சிறிய குழுவுக்கு எடிட்டர் தேவை. ஒரு பேட்டியை அனுப்புவார்கள், அதை மூன்று நிமிடமாகத் தொகுத்துக் காட்ட வேண்டும். கணவரிடம் கூடச் சொல்லாமல் விண்ணப்பித்தேன். கிடைக்காவிட்டால் யாருக்கும் தெரிய வேண்டாமே என்றுதான். பேட்டி வந்து சேர்ந்தது. திங்கட்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.

தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒரு பெண், தன் ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து பேசுகிறாள். தலைக்கு மேல் ஃபேன் ஓடுகிறது. பாதிப் பேச்சில் கரண்ட் போய்விடுகிறது. அதன்பின் பேசியதெல்லாம் ஃபேன் இல்லாத நிசப்தத்தில். ஆனால் மனதைத் தொடும் பேச்சு அந்த இரண்டாம் பாதியில்தான் இருந்தது. அதைக் கொண்டுவந்து முதல் பாதியோடு சேர்த்தால், ஒவ்வொரு வெட்டிலும் ஃபேன் சத்தம் வருகிறது, போகிறது, வருகிறது. கேட்பவருக்கு அந்தப் பெண்ணின் வார்த்தை மனதில் நிற்காது. அந்த உறுத்தல்தான் நிற்கும்.

பாட்காஸ்ட்டில் இதைப் பற்றிக் கேட்டிருந்தேன். எங்கே படம் எடுத்தாலும் எல்லோரும் வாய் மூடி நிற்க, அந்த இடத்தின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ரூம் டோன் என்பார்கள். பேச்சுக்கு அடியில் அதை விரித்துவிட்டால் ஒட்டுப் போட்ட இடம் தெரியாது. இவர்கள் அதைப் பதிவு செய்யவில்லை. அந்தப் பெண்ணும் மூச்சு விடாமல் பேசியதால் நடுவில் வெட்டி எடுக்கவும் இடைவெளி இல்லை. இணையதளத்தில் கேட்டேன். சீலிங் ஃபேனையே பார்த்திருப்பாரோ இல்லையோ, யாரோ ஒருவர் பதில் எழுதியிருந்தார்: அதே மாதிரி அறையாகத் தேடிப் போய்ப் பதிவு செய்துகொள்.

எங்கள் வீட்டு ஃபேன் டக் டக் என்று அடித்துக்கொள்ளும். போதாததற்கு ரோட்டில் கண்டெய்னர் லாரிகள். வீட்டுக்காரம்மா பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு நீளமாக ஓர் அறை கட்டி, செல்போன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஆறு பெண்களுக்கு விட்டிருந்தார். எல்லோரும் தென்காசி, விருதுநகர்ப் பக்கம். பேட்டியில் பார்த்த அதே இரும்புக் கட்டில்கள், அதே உயரத்தில் ஃபேன். சனிக்கிழமை மதியம் காலை ஷிஃப்ட் முடிந்து அவர்கள் வந்ததும், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கல்லூரியில் வாங்கிய குட்டி ரெக்கார்டரோடு போய் நின்றேன். வீட்டுக்காரம்மாவும் வேடிக்கை பார்க்கக் கூடவே வந்தார்.

வீடியோ எடுக்கப் போகிறேன் என்று நினைத்து ஒருத்தி அவசரமாகத் தலை சீவினாள். சத்தம் மட்டும்தான் என்றேன். என்ன பேச வேண்டும் என்றார்கள். ஒன்றுமே பேசக் கூடாது, ஃபேன் சத்தம்தான் வேண்டும் என்றதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதற்குள் கரண்ட் போய்விட்டது.

சீருடையைக்கூட மாற்றாமல் காத்திருந்தார்கள். ஒருத்தி கொட்டாவி விட்டாள். விடிவதற்கு முன் பஸ் ஏறிய பிள்ளைகள். தூங்க வேண்டிய நேரத்தில் என் ஆசைக்காக அவர்களை உட்கார வைத்திருக்கிறேனே என்று கூச்சமாக இருந்தது. பிறகு வருகிறேன் என்று கிளம்பினேன். ஜன்னலோரக் கட்டிலில் இருந்தவள் விடவில்லை. "இருங்கக்கா, வந்துரும். நீங்க இப்ப போனா நாங்க அப்படியே படுத்துருவோம்."

கரண்ட் வந்தது. முதல் தடவை யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இரண்டாம் தடவை என் பையனே கெடுத்தான். "இவனக் குடு இப்டி. அடியே, நீங்க வாய மூடிகினு இருங்க, அது ஒரு வேலயா உங்களுக்கு?" என்று அவர்களை அதட்டிவிட்டு, வீட்டுக்காரம்மா அவனை வாங்கிக்கொண்டு வெளியே போனார்.

ஹெட்ஃபோனை இரண்டு காதிலும் மாட்டினேன். அவன் பிறந்ததிலிருந்து இரண்டு காதையும் ஒன்றாக மூடியது அன்றுதான். ஃபேன் சத்தம், துணிக்கொடியில் ஏதோ அசையும் சத்தம், ஆறு பேரின் மூச்சு. என் குழந்தையின் சத்தம் மட்டும் இல்லை. அழுகிறானா? அந்தம்மாவின் மடியில் எப்போதும் வேர்க்கடலை இருக்குமே, வாயில் போட்டுவிட்டால்? எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது. ஓடினால் இவர்களை இன்னொரு முறை உட்கார வைக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பார்வையைத் திருப்ப வேறு எதுவும் இல்லாததால் அவர்களைப் பார்த்தேன். ஒருத்தி அண்ணாந்து ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருவர் தோளில் தோள் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்கள். ஜன்னலோரத்தில் இருந்தவளின் கை, மடியில் மல்லாந்து கிடந்தது. பஸ்ஸுக்கு ஓடும்போதும் குழாயடியிலும்தான் இவர்களைப் பார்த்திருக்கிறேன். அசையாமல் பார்த்ததே இல்லை.

பட்டனை அழுத்தி நிறுத்தினேன்.

"முடிஞ்சிட்டாக்கா?" என்று கேட்ட ஒருத்தி, "இன்னும் கொஞ்சம் ஓடட்டுமே" என்றாள்.

"கம்பெனி லைன்ல இப்படி உக்காந்தா சூப்பர்வைசர் மெமோ குடுத்துருவான்" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

ஜன்னலோரத்தில் இருந்தவள் மட்டும் சிரிக்கவில்லை. "நான் வந்து எட்டு மாசமாச்சுக்கா. எங்கம்மா மொகம் இன்னைக்குத்தான் முழுசா ஞாபகம் வந்துச்சு."

எனக்குத் தேவையானது கிடைத்துவிட்டது. ஆனாலும் மறுபடி பட்டனை அழுத்தினேன். அதில் பாதிக்கு மேல் குறட்டைதான்.

வெளியே வந்தால், பையன் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தான். முதல் வேலையாக அவன் வாயைத் திறந்து பார்த்தேன். "நானும் நாலு பெத்தவதாம்மா" என்றார் வீட்டுக்காரம்மா.

ஞாயிற்றுக்கிழமை, கரண்ட் இருந்த நேரங்களில் உட்கார்ந்து வேலையை முடித்து அனுப்பினேன். அந்த வாரமே அழைத்தார்கள். படத்தின் இயக்குநர் ஒரு பெண். ஃபேன் சத்தம் எங்கிருந்து வந்தது என்றுதான் முதலில் கேட்டார். சொன்னேன். பிறகு, மூன்று மாதம் தினமும் சென்னைக்கு வந்து போக முடியுமா என்றார்.

அன்று மாலைதான் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "உன் இஷ்டம்" என்றார். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். குழந்தையை யாரிடம் விடுவது, அவருடைய ஷிஃப்ட், போக வர ஐந்து மணி நேரம். எப்படி மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாலும் பொருந்தவில்லை. இயக்குநரை அழைத்து முடியாது என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. அந்த ஃபேன் சத்தத்தை மட்டும் படத்தில் பயன்படுத்திக்கொள்ளலாமா என்று கேட்டார். சரி என்றேன்.

இரண்டு வருடம் கழித்து அந்தப் படத்தை இணையத்தில் போட்டிருந்தார்கள். அதற்குள் செல்போன் கம்பெனியில் ஆட்களைக் குறைத்து, அந்த ஆறு பேரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போயிருந்தார்கள். ஒரே ஒருத்தியின் நம்பர் என்னிடம் இருந்தது. அதுவும் வேலை செய்யவில்லை. பையனை நர்சரியில் விட்டுவிட்டு வந்து தனியாகப் பார்த்தேன். வேறு யாரோ நன்றாகத் தொகுத்திருந்தார்கள். நானாக இருந்தால் எங்கே வெட்டியிருப்பேன் என்று விரல் மேஜையில் தட்டிக்கொண்டே இருந்தது. பேட்டியில் பேசிய அந்தப் பெண் தன் வீட்டைப் பற்றிச் சொல்லும் இடம் வந்தது. அவள் குரலுக்கு அடியில் அந்த ஆறு பேரின் அறை ஓடிக்கொண்டிருந்தது. கேட்கிறவர் யாருக்கும் அது தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் அந்த வேலை.

பாட்காஸ்ட் கேட்பதை நான் இன்னும் விடவில்லை; எடிட்டிங்குக்குத் திரும்பிப் போவேனா என்பதும் இன்னும் தெரியவில்லை. ஆனால் அந்தப் படத்தில் அந்த ஓர் இடத்தில் மட்டும் அந்த ஆறு பேரும் நானும் பேசாமல் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறோம்; அது போதுமா என்று கேட்டால் போதாதுதான், ஆனாலும் ஏக்கம் வரும்போது போய் உட்கார எனக்கு அந்த ஓர் இடமாவது இருக்கிறது.