அடிப்பலகையின் வயது

பழைய மரப்பெட்டி எதைக் கொண்டுவந்து வைத்தாலும் அவள் முதலில் மூடியைத் திறக்க மாட்டாள். பூட்டைக்கூடப் பார்க்க மாட்டாள். அலமாரிக்குப் பின்னால் மடித்து வைத்திருக்கும் போர்வையைத் தரையில் விரித்து, ஆட்களை விட்டுப் பெட்டியை இரண்டு முக்காலிகள்மேல் ஏற்றச் சொல்லி, டார்ச்சோடு அதனடியில் மல்லாந்து படுத்துக்கொள்வாள். ஐம்பத்தெட்டு வயதுக்காரி, முழங்கால் வலி வேறு, இப்படிப் படுத்துக் கிடப்பதைப் பார்த்து மயக்கம் போட்டுவிட்டாளோ என்று புதிதாக வந்தவர்கள் பதறியதுண்டு. ஏலக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் பெட்டியக்கா.

"மேல்பக்கம் பேசுறதெல்லாம் விருந்தாளிகிட்ட பேசுற பேச்சு. வீட்டுப் பேச்சு கேக்கணும்னா அடியிலதான் படுக்கணும்" என்பாள்.

சும்மா சொன்னதல்ல. மூடியை எவரும் இழைத்து மெருகேற்றலாம். பித்தளைப் பிடியைப் போன மாதம்கூட மாட்டியிருக்கலாம். அடியை யார் தொடுகிறார்கள்? கையால் அறுத்த பலகையில் ரம்பக் கீறல்கள் நேராகவும் ஒழுங்கற்ற இடைவெளியோடும் ஓடும். இயந்திரத்தின் வட்ட ரம்பம் வில் வில்லாகக் கோடு விட்டுப் போகும். பட்டறையில் அடித்த ஆணிக்குச் சதுர உடம்பு, ஆலையில் செய்த ஆணிக்கு உருண்டை உடம்பு. எந்தப் பக்கத்துப் பெட்டி என்பதையும் அடிதான் காட்டிக்கொடுக்கும். முகப்புக்குக் கப்பலேறி வந்த மரத்தைப் போடுகிற தச்சன்கூட, கண்ணில் படாத அடிக்கு வீட்டுக்குப் பக்கத்தில் கிடைத்ததைத்தான் போடுவான்.

பெட்டியின் வயதையும் பிறப்பிடத்தையும் எழுதி அவள் கையெழுத்திட்ட சான்றுச் சீட்டுகளில் ஒன்றுகூடப் பதினாறு வருஷத்தில் திரும்பி வந்ததில்லை. அதில் அவளுக்குப் பெருமை உண்டு. காட்டிக்கொள்ள மாட்டாள், அவ்வளவுதான்.

அந்த வாரம் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் கொண்டுவந்த பெட்டிக்கும் அப்படித்தான் படுத்துப் பார்த்தாள். மூலைகளில் பலகையும் பலகையும் விரல் கோத்ததுபோல் சேர்ந்திருந்தன. அந்த விரல்கள் எல்லாம் இயந்திரத்தில் வெட்டியதுபோல் ஒரே அளவாக இருந்தது கொஞ்சம் உறுத்தியது. ஆனால் அடியில் வெளிர்மஞ்சள் நிற மலைமரம், சுத்தமான கைரம்பக் கீறல். அடி சொன்னதை மீறி அவள் எதையும் நம்பியதில்லை. 'மலைப்பக்கம் செய்தது, வயது நூற்றெண்பதுக்குக் குறையாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஏலத்துக்கு மூன்று நாள் இருக்கையில், படம் எடுக்கிறவர் விலைப்பட்டியலுக்கான படங்களைக் கொண்டுவந்து மேஜையில் பரப்பினார். விளக்கைப் பக்கவாட்டில் வைத்து எடுக்கிற ஆள் அவர். டார்ச்சுக்குத் தெரியாதது அந்த வெளிச்சத்தில் தெரிந்தது. அடிப்பலகையின் ஓரத்தில் எட்டு மர ஆணிகள். எட்டின் தலையும் வட்டமாக இல்லை. இடப்பக்கம் சரிந்து முட்டைபோல இருந்தன.

"என்னக்கா, பேயறஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"எல்லாம் நான் போட்ட ஆணி, தம்பி."

அவளுக்கு நொட்டாங்கைப் பழக்கம். துளை போட்டால் சாயும். சாய்ந்தது தெரியாமலிருக்கத் தேயிலைத் தண்ணீரும் அடுப்புக்கரியும் குழைத்துப் பூசியதுகூட இப்போது நினைவுக்கு வந்தது.

முப்பது வருஷம் முன்பு அவள் இதே ஏலக்கூடத்தில் தரை பெருக்கிக்கொண்டிருந்தாள். தச்சன் மகள், உளி பிடிக்கத் தெரிந்தவள் என்று அங்கே யாருக்கும் தெரியாது. பழுதுபார்ப்பவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்ட நேரம், அடி முழுக்கக் கரையான் தின்ற பச்சைப் பெயின்ட் பெட்டி ஒன்று வந்தது. நான் செய்கிறேன் என்று துணிந்து சொல்லிவிட்டாள். பழைய பலகைதான் வேண்டும், புது மரம் போட்டால் பல்லிளிக்கும். எங்கே போவது? வீட்டில் வந்து புலம்பினாள். மறுநாள் காலை அவள் நாத்தனார், கணவனின் அக்கா, தன் துணிமணியையெல்லாம் கட்டிலில் கொட்டிவிட்டுத் தன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டிருந்தாள். புருஷன் போனபின் புகுந்த வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்த ஒரே பொருள் அது. மலைப்பக்கத்துப் பெட்டி, நாலு தலைமுறை கண்டது என்று சொல்லிக்கொள்வாள். பழைய சாமான் கடையில் வாங்கியதுதானே என்று அவள் தம்பி சீண்டுவார்.

"அடியக் கழட்டிக்கோ. கட்டில் மேல வச்சா கட்டிலே அடி" என்றாள் நாத்தனார்.

அந்தப் பலகையால்தான் துடைப்பம் கையைவிட்டுப் போனது, உளி வந்தது, பிறகு பேனா வந்தது.

கதையைக் கேட்டுவிட்டுப் படம் எடுப்பவர் குரலைத் தாழ்த்தினார். "யாருக்கக்கா தெரியப்போகுது? நீங்களே ஏமாந்துட்டீங்க. அப்புறம் வேற எவன் கண்டுபிடிப்பான்?"

நியாயமான கேள்விதான். சொன்னால் பதினாறு வருஷப் பேர் போச்சு. சொல்லாவிட்டால் நாத்தனாரின் பலகைக்கு உள்ள வயதை எவனோ ஒருவனுடைய பெட்டி தன் பேரில் போட்டுக்கொண்டு போய்விடும். மறுபடியும் போர்வையை விரித்தாள். இந்தத் தடவை அடியை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கேட்டாள். பின்பலகையின் உட்புறம் வில்கோடுகள், மரமோ துறைமுகப் பக்கத்துச் சரக்குப் பெட்டிகளின் மரம். இரும்புப் பட்டைக்கடியில் உருண்டை ஆணி. பூட்டுக்குப் பின்னால் ஒரு துளி பச்சைப் பெயின்ட்.

முதலாளியம்மாவின் அறைக்குப் போய் உட்காராமலே சொல்லி முடித்தாள். அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்ததையே துடைத்தார்.

"பதினாறு வருஷத்துல முதல் தடவை. அதுவும் உன்ன நீயே ஏமாத்தியிருக்க" என்றார் கடைசியில். சொன்னதற்கு நன்றி என்றும் சொன்னார். ஆனால் இனிமேல் ஒவ்வொரு சீட்டிலும் பக்கவெளிச்சப் படம் பார்த்துப் படக்காரரும் கையெழுத்துப் போடவேண்டும் என்றார். அது சுருக்கென்றுதான் இருந்தது. சரிம்மா என்றாள்.

புதுச் சீட்டில் எழுதினாள்: பெட்டி, துறைமுகப் பக்கம், சுமார் எழுபது வருஷம்; அடிப்பலகை, மலைப்பக்கம், நூற்றெண்பது, பிற்காலத்தில் மாற்றியது. ஓட்டுநருக்கும் அவளே சொன்னாள். முகம் சுண்டியது அவருக்கு. தன் மனைவியும் எழுபது என்றுதான் சொன்னாள், தான்தான் கேட்கவில்லை, இன்றைக்கு வீட்டில் சாப்பாடு கிடைத்த மாதிரிதான் என்றார். ஏலத்துக்கு இருக்கட்டும் என்று விட்டுப்போனார்.

குறுக்கே கோடு போட்டு ரத்து செய்த பழைய சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். நாத்தனார் பீரோ முன்னால் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். எழுபது வயதிலும் அந்த வேலையை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

"அண்ணி, உங்க பெட்டிக்கு நூத்தியெண்பது வயசு. நானே கையெழுத்துப் போட்டிருக்கேன்."

நாத்தனார் சீட்டை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். "குறுக்க எதுக்குக் கோடு?"

"அந்தப் பெட்டிக்குச் செல்லாது. உங்களுக்குச் செல்லும்." நடந்ததைச் சொன்னாள்.

முழுக்கக் கேட்டுவிட்டு நாத்தனார் தன் தம்பியைக் கூப்பிட்டு, உரக்கப் படிக்கச் சொன்னாள். அவர் படித்தார். அடிக்கு மட்டும்தானே சீட்டு, மூடி பழைய சாமான் கடைதான் என்றார். நாத்தனார் காதில் வாங்கவில்லை. இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

அவர் போனபிறகு பெட்டியக்கா கீழே உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்து மடித்தாள். "அந்தப் பலகை இல்லன்னா நான் இன்னும் தொடப்பத்தோடதான் இருந்திருப்பேன், அண்ணி."

"அதனாலதான் குடுத்தேன்" என்றாள் நாத்தனார். "நீ பெருக்குற லட்சணத்துக்கு அந்த வேலையும் நிலைச்சிருக்காது."

பெட்டியக்கா மடித்த துண்டைப் பிரித்துத் தன் விருப்பப்படி மறுபடி மடித்து, சீட்டை அதற்கடியில் வைத்துப் பீரோவைப் பூட்டினாள்.