கோவிந்தம்மா பிரவுசிங் சென்டரில் பெண் கேட்டது

பிள்ளைப்பாக்கத்தில் கம்பெனிக்கு நிலம் கொடுத்தவர்கள் ஆளாளுக்குக் கார் வாங்கியபோது, கோவிந்தம்மா நான்கு கம்ப்யூட்டர் வாங்கிப் பிரவுசிங் சென்டர் வைத்தாள். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவளுக்கு இது எதற்கு என்று ஊரே சிரித்தது. அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தெற்கேயிருந்து வேலைக்கு வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகள், வெளிநாட்டிலிருக்கும் சொந்தக்காரர்களோடு முகம் பார்த்துப் பேச எங்கே போவார்கள்? அவள் நினைத்தபடியே கடை ஓடியது. நாளாவட்டத்தில் கம்ப்யூட்டர் வைத்தியமும் பழகிவிட்டாள். முதலில் ஊதுவாள். சரியாகாவிட்டால் ஆஃப் செய்து ஆன் செய்வாள். அதற்கும் மசியாவிட்டால் வாய்க்கு வந்தபடி திட்டுவாள். பாதி கோளாறு அதில்தான் தீரும்.

அவள் வீட்டு மாடி அறையில் குடியிருந்தவன் இசக்கிபாண்டி. அம்பாசமுத்திரம் பக்கம். ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை. நாள் முழுக்க நிறம் பார்த்து ஒயரைச் சேர்த்துக் கட்டுகிற கை வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. ஒரு சனிக்கிழமை ஓவர்டைம் இல்லாமல் போகவே, கடை மேசைக்குப் பின்னால் சிக்கிக் கிடந்த ஹெட்செட் ஒயர்களைப் பார்த்து அவனுக்கு மனசு கேட்கவில்லை. எல்லாவற்றையும் பிடுங்கினான். காதுக்கான பச்சை ஒயர்களை ஒரு கட்டு, மைக்குக்கான ரோஸ் ஒயர்களை ஒரு கட்டு என்று இறுக்கிக் கட்டி, பழையபடி செருகிவிட்டான். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

மறுநாள்தான் அவன் தலையெழுத்து தீர்மானமாகும் நாள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் வனமாமலை, தன் மகள் சுகப்பிரியாவைக் கேட்டிருந்த இவனிடம் நேரில் பார்த்த மாதிரி இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றிருந்தார். இன்னொரு வரனும் காத்திருந்தது. யாருக்குப் பெண் என்பதை அன்றைக்கே சொல்லிவிடுவாராம். சுகப்பிரியாவை ஒரு கல்யாண வீட்டில் பார்த்ததிலிருந்து இவனுக்குச் சோறு இறங்கவில்லை என்பது கோவிந்தம்மாவுக்கும் தெரியும்.

இஸ்திரி போட்ட சட்டையோடு மூன்றாம் நம்பர் முன்னால் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டினான். திரையில் வனமாமலை வந்தார்.

"வணக்கம் மாமா."

"மாப்பிள்ள, வாய் அசையுது, சத்தத்தக் காணுமே!"

"வணக்கம் மாமா!" என்று கத்தினான். அவர் காதைத் தொட்டுக் காட்டி உதட்டைப் பிதுக்கினார்.

கோவிந்தம்மா ஓடி வந்தாள். மைக்கின் நுனியை ஊதினாள். இணைப்பைத் துண்டித்து மறுபடி கூப்பிட வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. இசக்கிபாண்டிக்குச் சட்டை நனைந்துவிட்டது. பக்கத்து ஹெட்செட்டாவது உருப்படியா என்று பார்க்க, அவள் நாலாம் நம்பரில் உட்கார்ந்து அதை மாட்டிக்கொண்டாள்.

"ஹலோ, ஹலோ! இன்னாடா இது, நேத்து வரிக்கும் நல்லாத்தானே இருந்துச்சு? நீ கை வெச்ச, பூட்ச்சி! எங்கூட்டுக்காரருக்கு நெஞ்சு வலின்னப்ப, நைட் ஷிப்டு முட்ச்சிட்டு வந்து தூங்காம ஆஸ்பத்திரில ஒக்காந்துகினு இருந்த புள்ள நீ. ஒரு குடி உண்டா, பீடி உண்டா? இதெல்லாம் அந்த சிங்கப்பூர் மனுசனுக்கு யாருடா சொல்றது?"

திரையில் வனமாமலை விழுந்து விழுந்து சிரித்தார்.

"மாப்பிள்ள, யாரு அந்தம்மா? கணீர்னு கேக்கே!"

இசக்கிபாண்டிக்கு உடனே விளங்கிவிட்டது. ரோஸ் கட்டில் இரண்டு பின்கள் இடம் மாறியிருக்கின்றன. இவன் மைக் நாலாம் நம்பரிலும் அவள் மைக் மூன்றாம் நம்பரிலும் செருகிக் கிடக்கின்றன. கட்டை அறுக்கக் குனிந்தான்.

"எங்க குனியுதீரு? உக்காரும். ஒம்மகிட்ட என்ன கொறைன்னு அந்தம்மாட்ட கேளும்."

கேட்டுத்தானே ஆக வேண்டும்!

"யக்கா, நீங்க பேசுனது பூரா அங்க கேட்டுருக்கு. எங்கிட்ட என்ன கொறைன்னு ஒங்ககிட்ட கேக்காவ."

கோவிந்தம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் கேள்வி என்று வந்துவிட்டால் பதில் சொல்லாமல் இருப்பவளா அவள்?

"கொறையா? வாயே தொறக்க மாட்டான் சார். அதான் ஒண்ணு. மத்தபடி இந்த மைக்குதான் சனியன் புட்ச்சது."

இசக்கிபாண்டி எட்டி, அவள் வாயருகே இருந்த மைக்கைத் தன் பக்கம் திருப்பினான்.

"மாமா, மைக்கு மேல தப்பு இல்ல. நேத்து நாந்தான் ஒயர மாத்திச் சொருகிட்டேன். தப்பு எம்மேலதான்."

வனமாமலை சிரிப்பை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தார்.

"மொதப் பேச்சே இதுவா? எம்மவளுக்குக் கல்யாண வயசு வந்துட்டு. இன்னும் எம்பொண்டாட்டிகிட்ட 'தப்பு எம்மேலதான்'னு ஒரு வார்த்த எனக்கு வாயில வரல வே. எம்மவள ஒமக்கே தாரேன்."

அது இசக்கிபாண்டியின் காதுக்கு மட்டும்தான் கேட்டது. அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைக் கோவிந்தம்மா பார்த்துவிட்டாள். காரியம் கெட்டுவிட்டது என்றே நினைத்து, இரண்டு கையாலும் மைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், சார், வோணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க சார். ஒயரெல்லாம் நான் மாத்திக்கிறேன். எம்புள்ள சார் அவன்!"