பெரணி மூடிய குழி

ஈரப் பெரணியை மிதிக்கும்போது எழுகிற கசப்பு வாசனை வந்தால், இன்றும் அடுத்த அடி வைக்குமுன் தரையைப் பார்த்துக்கொள்கிறேன். அப்பா மலைமேல் கிளென்மார்கனில், மின்நிலையத்துக்கு ஆட்களை இறக்கி ஏற்றும் வின்ச் வண்டி ஓட்டிய நாட்களில், எங்கள் குவார்ட்டர்ஸுக்கு மேலே, சோலையின் விளிம்பில், இடுப்புயரத்துக்கு வட்டமாகக் கல் அடுக்கிய பழங்காலப் புதைமேடுகள் கண்ணுக்குத் தெரிந்து ஏழெட்டு இருந்தன. "பாண்டவர் குழி" என்று அவற்றைச் சொன்ன பெரியவர்கள், "செத்தவங்க ஊட்டு மேல கால் வெக்காதீங்க" என்பார்கள். எந்தக் காலத்திலோ வெள்ளைக்காரத் துரைகள் வந்து, அவற்றின் நடுவைத் தோண்டி, வெண்கலக் கிண்ணங்களையும் ஈட்டி முனைகளையும் எடுத்துக்கொண்டு, குழிகளை அப்படியே விட்டுப் போயிருந்தார்கள்; பெரணி வளர்ந்து அவற்றின் வாயை மூடியிருந்தது.

எனக்கு ஒன்பது வயது. மழை விட்ட ஒரு மதியம் அம்மாவோடு சுள்ளி பொறுக்கப் போனேன். முன்னால் நடந்த அம்மா, காய்ந்த கிளை ஒன்றை எடுக்க, கல்வட்டத்தின் சரிந்த பக்கமாக உள்ளே கால் வைத்தவள், சத்தமே இல்லாமல் காணாமல் போனாள். பெரணி மறுபடி மூடிக்கொண்டது. பிறகு தரைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"கண்ணு, கிட்ட வராத. மண்ணு சரியுது. ஓடிப்போய் அப்பாவக் கூட்டியா."

மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தால் இடம் தெரியாதே என்ற பயத்தில், தலையில் கட்டியிருந்த சிவப்பு ஸ்கார்ஃபை அந்த வட்டத்தின் மேல் கல்லில் கட்டிவிட்டு ஓடினேன். அப்பாவும் நாலு பேரும் கயிற்றோடு வந்தபோது எங்கும் வெள்ளையாக இருந்தது. எத்தனை கூப்பிட்டும் பதில் இல்லை. கல் கல்லாகத் தடவிக்கொண்டே போன அப்பாவின் கையில் கடைசியில் அந்தத் துணி பட்டது. மேலே தூக்கியபோது அம்மாவுக்கு நினைவில்லை. வலது கால் முறிந்திருந்தது. இறுக மூடியிருந்த அவள் கையைப் பிரித்தால், எந்தக் காலத்திலோ எரித்துப் புதைத்தவர்களின் கரியும் வெந்த எலும்புத் துணுக்குகளும்.

அடுத்த கோடையில் ஆராய்ச்சிக்காரர்கள் இருவர் டேப்பும் நோட்டுமாக வந்தார்கள். கோலூன்றி வாசலுக்கு வந்த அம்மா கேட்டது ஒன்றுதான்: "தோண்டுனா மூடிட்டுப் போவீங்களா?"

"மூடிருவோம்ங்க" என்றார் மூத்தவர்.

இரண்டு மேடுகளைத் திறந்து, எருமை உருவம் வைத்த மண்பானை மூடி ஒன்றை வைக்கோலில் பொதிந்து ஜீப்பில் ஏற்றினார்கள். மழை முந்திக்கொண்டது, குழிகள் பாதி மூடியபடி கிடக்க, இறங்கிப் போய்விட்டார்கள். அன்றைக்கே அம்மா மண்வெட்டியை எடுத்தாள். "இந்தக் காலோடயா?" என்ற அப்பா, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டார். அந்த இரண்டையும், அம்மா விழுந்த குழியையும் மூன்று நாள் மண் சுமந்து நிரப்பினோம். பெரணிக்கடியில் இன்னும் எத்தனை இருந்தன என்று எங்களுக்குத் தெரியவில்லை.

சென்ற ஆண்டு போயிருந்தேன். சோலை இல்லை; சரிவு முழுக்கத் தேயிலை. வட்டக் கற்களைப் பெயர்த்து எஸ்டேட் சுவருக்கு வைத்துவிட்டார்கள், எந்தக் குழி எங்கே இருந்தது என்று காட்ட ஒன்றுகூட மிச்சமில்லை. செடிகள் சற்றே தாழ்ந்திருந்த ஓரிடத்தை நோக்கிக் கொழுந்துப் பையோடு ஒரு பெண் நடந்துகொண்டிருந்தாள்.

"ஏனுங்க, அங்க பாத்துக் கால் வெய்ங்க" என்றேன்.

"எதுக்குங்க? தினமும் போற பாதைதானுங்களே" என்று சிரித்துவிட்டு, அவள் இறங்கிப் போனாள்.