நாயின் தூக்கம்

நாய் முதலில் என்னைப் பார்த்து உறுமியது. அடுத்த வாரம், கூடம் பெருக்கிக்கொண்டிருந்த என் மனைவியின் கையைக் கவ்வப் பாய்ந்தது. வரும் ஞாயிறு மகள் கைக்குழந்தையுடன் கடலூருக்கு வருகிறாள். மனைவி உடனே பண்ருட்டியில் இருக்கும் தன் தம்பிக்குப் போன் போட்டுவிட்டாள்.

"நம்ம முந்திரித்தோப்புல கட்டிடலாம் மாமா. அங்க அணிலைத்தான் கடிக்கும்" என்றான் அவன் என்னிடம்.

ஒன்பது வருடம் வீட்டுக்குள் வளர்ந்த நாய். தோப்பு வெயிலில் எத்தனை நாள் தாங்கும்? சிதம்பரத்தில் ஒரு பெண் நாய்களைப் பழக்குகிறார் என்று கேள்விப்பட்டு, வாடகைக் காரில் அழைத்துப்போனேன்.

அவர் நாயைத் தொடவே இல்லை. சாப்பாடு, நடை, வீட்டுச் சத்தம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"வலி எதுவும் இருக்கான்னு டாக்டர்ட்ட காட்னீங்களா?"

"ரெண்டு தடவை. ஒண்ணுமில்லேன்னுட்டாரு."

"பகல்ல நல்லா தூங்குதா சார்?"

"அசையாம கெடந்தா எனக்குப் பயமாயிடும். கிட்டப் போயி மூச்சை எண்ணுவேன். நிமிஷத்துக்கு இருபதுக்குக் கொறைஞ்சா தட்டிப் பார்ப்பேன்."

"எப்பெப்போ?"

"அரை மணிக்கு ஒரு தடவை."

"உங்களை அப்படி எழுப்பினா நீங்க கடிக்க மாட்டீங்களா?" என்றார். "நடக்கறப்ப இழுக்காதீங்க, மோந்து பாத்துட்டு வரட்டும். தூங்க ஒரு தனி இடம் குடுங்க. அங்க யாரும் போவக் கூடாது. முக்கியமா நீங்க. கொழந்தை வந்தா நடுவுல கதவு இருக்கணும்."

பின்னறைக் கட்டிலடியில் பழைய போர்வையை விரித்தோம். நாய் அங்கேயே கிடந்தது. நான் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து அதன் வால் மட்டும்தான் தெரிந்தது. வாலை வைத்து என்ன தெரிந்துகொள்வது?

"ஏங்க, எங்க எழுந்திரிக்கிறீங்க?"

"தண்ணி குடிக்க."

"சொம்பு பக்கத்துலதான இருக்கு. உக்காருங்க."

ஞாயிற்றுக்கிழமை குழந்தை வீறிட்டபடியே வந்து இறங்கியது. நாய் பின்னறையிலிருந்து எட்டிப் பார்த்தது. அதன் கழுத்துச் சங்கிலியின் மறுமுனையை நான் கையில் சுற்றிக்கொண்டேன். அது காற்றை மோந்தது, கொட்டாவி விட்டது, திரும்பிக் கட்டிலடிக்கே போய்விட்டது.

வாசலில் நின்ற மகள், "அந்தக் கதவைச் சாத்துப்பா, உள்ள வரேன்" என்றாள்.

மனைவி தம்பிக்குப் போன் செய்தாள். "இப்ப வேணாம்டா."

'இப்ப' வேணாம் என்றால், பிறகு வேணும் என்றுதானே அர்த்தம்? மகள் பத்து நாள் இருந்தாள். பத்து நாளும் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்த்தேன். பதினோராம் நாள் அவள் பஸ் ஏறினாள். பண்ருட்டியிலிருந்து யாரும் வரவில்லை.