பூதத்துக்கு ஆளை மாற்றிய வாரம்

எண்ணூர்ப் பக்கத்தில் இருந்த வேலை போன பிறகு, கல்மண்டபத்துக்கு அருகே ஒரு சினிமாக் கொட்டகையில் நோட்டீஸ் கொடுக்கும் ஆளாகச் சேர்ந்தேன். படித்தது ஆறாம் வகுப்பு வரை. படுக்கை திரைக்குப் பின்னால். சாப்பாடு கிடைத்த அன்று சாப்பிடுவேன்.

அங்கே ஒரு இங்கிலீஷ் படம் சக்கைப்போடு போட்டது. வேற்றுக் கிரகத்திலிருந்து ராக்கெட்டில் ஒட்டிக்கொண்டு வந்த பூதம் ஊரை அழிக்கும் கதை. வசனம் யாருக்கும் புரியவில்லை, அதனால் நஷ்டமும் இல்லை. விளம்பர வண்டிக்கு முன்னால் பூத வேஷத்தில் ஒருவரை நடக்கவிட்டோம். துறைமுகத்தில் மூட்டை விழுந்து கால் ஒடிந்தவர், அதோடு வேலையும் போனவர். குள்ளமான ஆள். லாரி டியூபை வெட்டித் தைத்த தோலை மாட்டிக்கொண்டு நொண்டி நொண்டி வருவார்.

படம் பார்த்துவிட்டு ராத்திரியில் அலறிய பிள்ளைகளைக் காசிமேட்டுப் பெண்கள் மறுநாள் தூக்கிவந்து வண்டியை மறிப்பார்கள். பயமுறுத்தியவன் கையாலேயே தண்ணீர் குடித்தால் பயம் தெளியும் என்று நம்பினார்கள். அவர் முகமூடியைக் கழற்றி, சிரித்து, பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்றுவார். பிள்ளை தெளிந்துவிடும். தாய் சாயங்காலம் மறுபடி பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள்.

அடுத்த வருஷம் இரண்டாம் பாகம் வந்தது. அவர் காலையிலேயே வந்து நின்றார். மேனேஜர் போஸ்டரைக் காட்டினார்.

“படத்துலயே பூதத்துக்கு ஆள மாத்திட்டான்யா. ஆறடி வேணும். நான் இன்னா பண்றது?”

மேனேஜர் கெட்டவர் அல்ல. சொல்லிவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். வந்தவர் குடிக்காமலே போனார். அவர் வீட்டில் அப்போது மனைவியின் மீன் கூடைதான் சோறு போட்டுக்கொண்டிருந்தது.

புதுப் பூதம் குஸ்தி போடும் ஒரு வஸ்தாது. முகமூடியைக் கழற்றினாலும் பயமாகத்தான் இருந்தது. பிள்ளையோடு வந்த ஒருத்தி அவனைப் பார்த்ததும் பின்வாங்கி என்னிடம் திரும்பினாள்.

“ஐயே, இவன் கையால தண்ணியா? இருக்கற உசுரும் பூடும். நம்ப நொண்டி எங்கடா?”

மூன்றாம் நாள் பெண்கள் பெஞ்சு காலி. பழைய பூதத்தைக் கூட்டிவர மேனேஜர் என்னைக் காசிமேட்டில் அவர் வீட்டுக்கு அனுப்பினார். வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி நான் சொன்னதை முழுதும் கேட்டாள்.

“அன்னிக்கு ஆறடி வேணும்னாங்க. இப்ப இன்னா, எம் புருசன் வளந்துட்டானா?”

உள்ளேயிருந்து அவர், “வுடு, போய்ட்டு வரேன்” என்றார்.

“நீ சும்மா இரு. படம் பூட்டா திரும்பவும் தொரத்துவாங்க. நெலையா ஒரு வேல குடுக்க சொல்லு நைனா. அப்பால வருவான்.”

மேனேஜர் வெகுநேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு பெண்கள் வாசலில் டிக்கெட் கிழிக்கும் வேலையைக் கொடுத்தார். பகலில் பூதம், சாயங்காலம் வாசல்.

பெண்கள் திரும்பி வந்தார்கள். ஆனால் படம் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. கதாநாயகனும் வேறு ஆளாகிவிட்டிருந்தான். வெளியே வந்த ஒரு கிழவி வாசலில் நின்ற நம் பூதத்தையே பிடித்துக்கொண்டாள்.

“போன தபா பூதத்த கொன்னானே, அந்தப் புள்ள இன்னா ஆனான்?”

“அவனையும் நிறுத்திட்டாங்க ஆயா. அவன் வூட்ல கேக்க ஆளு இல்ல போலக்கீது.”

வியாழனோடு படத்தை எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை வேறு படம். அவர் வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார்.